தையலும் பங்கீடும்: பெருங்குடும்பத்து வீட்டில் ஒரு கல்வி

தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு துணியைப் பொருத்துவது ஒரு பொருள். அழகு, அலங்காரம் என்பன வேறு பொருள்கள். பெண் என்பதும் அச்சொல்லின் பொருளே. ஒரு வேலையின் பெயரே அதைச் செய்பவளின் பெயராகவும் நிற்பதால், அந்த வேலையை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மூச்சு விடுவதுபோல, பெண் என்றால் தைப்பாள் என்று எண்ணிக்கொள்கிறோம். அவள் அதில் எத்தனை அளவு எடுக்கிறாள், எத்தனை கணக்குப் போடுகிறாள், எத்தனை மணித்தியாலம் செலவிடுகிறாள் என்று கேட்பதில்லை.

ஏழு எட்டுப் பேர் வாழும் வீட்டில் தையல் என்பது, இருக்கிற துணியை எல்லோருக்கும் போதுமாறு பங்கிடும் வேலை. அதற்கு அளவறிவும் வேண்டும், நீதியுணர்வும் வேண்டும். இந்த இரண்டையும் கற்பிக்கும் கல்வியாகவே தையலைக் கொள்ள வேண்டும் என்பதும், அந்த வேலையின் சுமையும் வீட்டில் பங்கிடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொற்களில் ஒரு சரித்திரம்

முதலில் சொற்களைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் சட்டைக்குப் பூட்டுவதைத் ‘தெறி’ என்போம். ‘பொத்தான்’ என்றும் சொல்வோம். தெறி தமிழ்ச் சொல். பொத்தான் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. சட்டையின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் ‘ரேந்தை’யும், முகம் துடைக்கும் ‘துவாய்’ என்பதும், பழைய ஆட்கள் காற்சட்டையைக் குறிக்கச் சொல்லும் ‘களிசான்’ என்பதும் போர்த்துக்கேயச் சொற்களே. அவர்களுடைய ஆட்சி போய் மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களுடைய சொற்கள் எங்கள் அலுமாரிக்குள் இருக்கின்றன. அலுமாரி என்ற சொல்லும் அவர்களுடையதே.

சட்டையைக் குறிக்கும் ‘கமீஸ்’ அரபுச் சொல். அல்குர்ஆனில் யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தில் இச்சொல் வருகிறது. அந்த வரலாற்றில் சட்டை மூன்று இடங்களில் முக்கியமாகிறது. பொய் இரத்தம் பூசப்பட்டுத் தந்தையிடம் கொண்டுவரப்படுவது முதலாவது இடம். பின்புறம் கிழிந்திருந்ததால் யூசுப் (அலை) அவர்களின் குற்றமின்மைக்குச் சாட்சியாவது இரண்டாவது இடம். தந்தை யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் போடப்பட்டுப் பார்வை திரும்பக் காரணமாவது மூன்றாவது இடம். ஒரு துணி எந்தப் பக்கத்தில் கிழிந்திருக்கிறது என்று பார்த்து நீதி வழங்கப்பட்ட கதை அது. துணியைக் கூர்ந்து பார்ப்பதும் ஓர் அறிவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சோனகதெருவும் தையல் மெசினும்

யாழ்ப்பாண நகரில் சோனகதெருவை மையமாகக் கொண்டு வாழ்ந்த முஸ்லிம்களின் பழைய தொழில்களில் இரும்புச் சாமான் வியாபாரமும் தையலும் குறிப்பிடத்தக்கவை. கடையில் மெசின் மிதித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் தையற்கடையின் வேலை கடையோடு முடிவதில்லை. தெறி பிடிப்பது, தெறித்துளைக்குக் காஜா கட்டுவது, மடிப்பைக் கையால் தைப்பது ஆகியவை வீட்டுக்கு வரக்கூடிய வேலைகள். கடையின் பெயர்ப்பலகையில் ஒருவருடைய பெயர் இருக்கும். அந்தச் சட்டையில் மூன்று நான்கு பேருடைய கை இருக்கும்.

தையல் மெசின் வருவதற்கு முன் எல்லாமே கைத்தையல்தான். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் தையல் மெசினுக்கு உரிமம் பெற்றார்கள். 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது. மெசின் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்பதற்கு, 1860ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒப்பீடு ஒன்று உதவும். ஆணுடைய சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மெசினில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் போதுமாயிருந்தது.

இந்த எண்ணைப் பெருங்குடும்பத்தோடு பொருத்திப் பாருங்கள். வாப்பாவுக்கும் ஐந்து ஆண்பிள்ளைகளுக்கும் பெருநாளைக்கு ஒவ்வொரு சட்டை என்றால், கையால் தைப்பவளுக்கு 84 மணித்தியாலம் வேண்டும். சமையலையும் நோன்பையும் இபாதத்தையும் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 3 மணித்தியாலம் ஒதுக்கினாலும் 28 நாள். அதாவது றமழான் மாதம் ஏறத்தாழ முழுவதும் சட்டைக்கே போய்விடும். மெசினில் அதே வேலை ஏழரை மணித்தியாலம். மூன்று இரவில் முடிந்துவிடும். எங்கள் மூத்தம்மாமார் மெசினை ஒரு சாமானாக மட்டும் வைத்திருக்காமல், துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே துணி போர்த்து, பிள்ளைகள் தொடாமல் காத்ததற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

பெருங்குடும்பத்தின் துணிக்கணக்கு

ஒரு பிள்ளை உள்ள வீட்டில் சட்டை சிறுத்தால் இன்னொன்று வாங்கலாம். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படி முடியாது. அங்கே ஒவ்வொரு உடுப்பும் வெட்டப்படும்போதே அதன் எதிர்காலமும் தீர்மானிக்கப்படுகிறது. அதில் உள்ள நுட்பங்களை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, துணியை நனைப்பது. புதிய பருத்தித் துணி முதற் கழுவலில் சுருங்கும். வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினால், சுருங்க வேண்டியது முதலிலேயே சுருங்கிவிடும். நனைக்காமல் தைத்த சட்டை மூத்தவனுக்கு ஒரு மாதம் சரியாக இருக்கும்; அதன்பின் இளையவனுக்குப் போய்விடும்.

இரண்டாவது, இழை பார்ப்பது. நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பொதுவாகப் பாவின் பக்கம் துணி குறைவாக இழுபடும். ஆகவே சட்டையின் நீளம் பாவின் வழியே வரும்படி வெட்டுவார்கள். துணியை மிச்சம் பிடிப்பதற்காக இழையை மாற்றி வெட்டினால், சில நாளில் உடுப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும்.

மூன்றாவது, சேர்த்து வெட்டுவது. கையை வெட்டும்போது ஒன்றின் அகன்ற பக்கமும் மற்றதன் ஒடுங்கிய பக்கமும் அருகருகே வரும்படி தலைகீழாக வைத்தால் இடம் மிஞ்சும். ராத்தாவின் சட்டைக்கும் தங்கச்சியின் சட்டைக்கும் ஒரே துணியை எடுத்து ஒன்றாக விரித்து வெட்டினால், தனித்தனியாக வெட்டுவதைவிடக் குறைந்த துணியே செல்லும். பெரிய சட்டையின் கழுத்துவளைவிலும் அக்குளிலும் விழும் துண்டுகள் சின்னச் சட்டையின் கொலருக்கும் பைக்கும் உதவும்.

நான்காவது, மடிப்பு விடுவது. பாவாடையின் அடியில் மூன்று நான்கு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால், பிள்ளை வளர வளர அதைப் பிரித்து இறக்கலாம். இறக்கிய இடத்தில் பழைய மடிப்பின் கோடு மங்காமல் தனியாகத் தெரியும். அதை மறைக்க அந்த இடத்தில் ரேந்தையோ நாடாவோ வைத்துத் தைப்பார்கள். பார்ப்பவருக்கு அது அலங்காரம். தைத்தவளுக்கு அது ஓர் ஆண்டுக் காலம்.

பாடசாலைச் சீருடையிலும் இதே கணக்கைக் காணலாம். 1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருகிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தது. துணி இலவசம். தைப்பு இலவசமில்லை. ஐந்து பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஐந்து தையற்கூலி என்பது சிறிய தொகையன்று. அந்தச் செலவை வீட்டில் தைக்கத் தெரிந்த ஒருத்தி தன்னுடைய இரவுகளால் செலுத்துகிறாள். குடும்பத்தின் மாதச் செலவை எழுதும் கொப்பியில் இந்தத் தொகை ஒருபோதும் வருவதில்லை. ஆனால் அவள் தைக்காவிட்டால் உடனே வரும்.

யாருக்குப் புதிது, யாருக்குப் பழையது

பெருங்குடும்பத்தில் உடுப்பு மேலிருந்து கீழே இறங்கும். மூத்தவளுக்குத் தைத்தது இரண்டாமவளுக்கு, பிறகு மூன்றாமவளுக்கு. இதில் சிக்கனம் இருக்கிறது. ஒரு மனக்குறையும் இருக்கிறது. கடைசிப் பிள்ளை புதிய துணியின் மணத்தையே அறியாமல் வளரக்கூடும்.

பிள்ளைகளிடையே நீதி செய்வதை இஸ்லாம் வற்புறுத்துகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் தந்தை தம்முடைய ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பியதை நாம் அறிவோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று கேட்ட நபியவர்கள், இல்லை என்று அறிந்ததும் அதை ஏற்கவில்லை. பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி கூறினார்கள்.

தைக்கத் தெரிந்த உம்மாவுக்கு இந்த நீதியை நிறைவேற்ற ஒரு வழி இருக்கிறது. இறங்கி வரும் சட்டையை அப்படியே கொடுக்காமல், கழுத்தை மாற்றி, கையைக் குறைத்து, புதிய கொலர் வைத்து, அந்தப் பிள்ளையின் அளவுக்கு அவள் பிடித்துக்கொடுக்கிறாள். துணி பழையதாக இருக்கலாம். ஆனால் அளவு அந்தப் பிள்ளையுடையது. ராத்தாவின் தொளதொளத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்கும், தனக்கென்று அளவெடுத்துத் திருத்திய சட்டையைப் போட்டுக்கொண்டு போகும் பிள்ளைக்கும் நடையிலேயே வித்தியாசம் தெரியும். பெருநாளைக்காவது இளைய பிள்ளைக்கு முதலில் துணி எடுப்பது என்று ஒழுங்கு வைத்துக்கொள்வதும் நல்லது.

ஒட்டுப்போர்வை: ஒரு கணிதப் பாடம்

உடுப்பாகப் பயன்பட்டு முடிந்த துணிக்கும் ஒரு வாழ்வு உண்டு. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது எங்கள் பழமொழி. கந்தை என்ற அதே வடமொழி வேரிலிருந்தே வங்காளத்தின் ‘கந்தா’ என்ற பெயரும் வந்தது. வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, நூலோட்டத் தையலால் இணைத்து உருவாக்கும் போர்வையே கந்தா. சிந்துப் பிரதேசத்தில் இதை ‘ரல்லி’ என்பார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும், ஆபிரிக்க வழிவந்த சித்தி சமூகத்துப் பெண்கள் ‘கவந்தி’ என்பார்கள். சித்தி மக்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உண்டு. அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலைகளிலும் சிறிய முக்கோணத் துண்டுகளை அடுக்கி வைப்பார்கள். அதற்குப் ‘பூல்’, அதாவது பூ என்று பெயர். மூலையில் பூ இல்லாத போர்வை முழுமையற்றது என்பது அவர்களுடைய எண்ணம்.

யாழ்ப்பாணம் வெப்பமான ஊர். பனிநாட்டவரைப்போலத் தடித்த போர்வை எங்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிருக்கும், பாயின்மேல் விரிப்பதற்கும், பிறந்த பிள்ளையைக் கிடத்துவதற்கும் பலமுறை கழுவி மெதுவாகிய பருத்தித் துணியைப்போல வேறொன்று இல்லை. அப்படியொரு போர்வையைச் செய்வதாக வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

5 அடி அகலமும் 7 அடி நீளமும் கொண்ட போர்வை என்றால், 60 அங்குலத்துக்கு 84 அங்குலம். தைத்து முடிந்தபின் ஒவ்வொரு துண்டும் 6 அங்குலச் சதுரமாக இருக்க வேண்டும் என்று கொள்வோம். அகலத்தில் 10, நீளத்தில் 14, ஆக 140 துண்டுகள். தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும். ஆகவே வெட்டும்போது துண்டின் அளவு ஆறரை அங்குலம். போர்வையின் பரப்பு 5,040 சதுர அங்குலம். வெட்டிய துணியின் பரப்பு 5,915 சதுர அங்குலம். வித்தியாசமான 875 சதுர அங்குலம் தையலுக்குள் மறைந்துவிடும். அது வெட்டிய துணியில் ஏறத்தாழ 15 வீதம்.

இதையே 12 அங்குலச் சதுரங்களால் செய்தால் 35 துண்டுகள் போதும். தையலுக்குள் மறைவது 8 வீதத்துக்கும் குறைவு. அப்படியானால் பெரிய துண்டுதானே நல்லது என்று கேட்கலாம். புதிய துணியை வெட்டிப் போர்வை செய்பவருக்கு அது சரி. ஆனால் எங்களிடம் இருப்பது கைத்துண்டும் கொலர்த்துண்டும் கிழிந்த சாரனின் நல்ல பக்கமும். அவற்றிலிருந்து 12 அங்குலச் சதுரம் கிடைப்பது அரிது. ஆறரை அங்குலம் கிடைக்கும். தையலில் 15 வீதத்தை இழந்தாலும், குப்பைக்குப் போக இருந்த மீதி 85 வீதம் வீட்டுக்கு வருகிறது. எதை இழந்து எதைக் காப்பாற்றுகிறோம் என்று சீர்தூக்கும் இந்தக் கணக்கைப் போர்வை தைத்த பெண்கள் எழுதாமலே போட்டார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. மேல்துணி, நடுவில் பழைய சேலை, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து ஓர் அங்குலத்துக்கு ஒரு வரியாக நூலோட்டம் போட்டால் ஏறத்தாழ 60 வரிகள் வரும். ஒரு வரி 7 அடி. மொத்தம் 420 அடி. அங்குலத்துக்கு 6 தையல் என்றால் 30,240 தையல்கள். நிமிடத்துக்கு 30 தையல் போடும் கைக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலம் செல்லும். தனியாக இருந்து தைத்தால் முதுகு ஒடிந்துவிடும். உம்மாவும் ராத்தாவும் மாமியும் சாச்சியும் நான்கு பக்கமும் இருந்து தைத்தால் நாலேகால் மணித்தியாலத்தில் முடியும். பெருங்குடும்பம் என்பது உண்ணும் வாய்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அது கைகளின் எண்ணிக்கையும் ஆகும்.

பறிக்க முடியாதது

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அதே மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, காணி, கடை, நகை, கடையிலிருந்த சாமான் எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. தையல் மெசின்களும் நின்றுவிட்டன. இந்த இழப்புகளை ஆராய்ந்து பதிவு செய்த பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அவர்களை வடக்கு முஸ்லிம்கள் என்றும் நினைவில் வைத்திருப்பார்கள்.

புத்தளம் மாவட்டத்தின் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கை மீண்டும் தொடங்கியபோது கையில் முதல் இல்லை. பெண்கள் பலர் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனார்கள். இன்னும் பலர் தெரிந்த கைவேலையைத் தேடிப் பிடித்தார்கள். வீட்டையும் கடையையும் விட்டு வந்தவளிடம் அளவெடுக்கும் கண்ணும் தைக்கும் விரலும் இருந்தன. சோதனைச் சாவடியில் அதை இறக்கி வைத்துவிட்டுப் போ என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

2002இன் பின்னும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னும் குடும்பங்கள் சிறுகச் சிறுகத் திரும்பின. சில குடும்பங்களில் பாதிப்பேர் இங்கும் பாதிப்பேர் புத்தளத்திலும் இருக்கிறார்கள். மூத்தம்மா அங்கே, பேத்தி இங்கே. முன்பு ஒரே விறாந்தையில் இருந்து கை பார்த்துக் கை பழகிய கல்வி, இன்று இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தால் பிரிந்து கிடக்கிறது. கடையில் தைத்த உடுப்பு மலிவாகக் கிடைக்கும் காலத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம். கடை உடுப்பு பயனுள்ளதே. ஆனால் ஊர் இரண்டு மணித்தியாலத்தில் கைவிட்டுப் போகக்கூடும் என்பதைக் கண்ட சமூகம், தன் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

உழைப்பின் விலை

யுத்தத்தின் பின் வடக்கில் வாழ்வாதார உதவி என்றால் பெண்ணுக்கு ஒரு தையல் மெசின் என்பது வழமையாயிற்று. மெசின் தேவையானதே. ஆனால் மெசின் மட்டும் போதாது. துணி வாங்கும் முதலும், தைத்ததை வாங்கும் ஆளும், விலை சொல்லும் துணிவும் சேர்ந்தாலே அது தொழிலாகும். இவற்றில் விலை சொல்லும் துணிவைப் பாடசாலையிலேயே கற்கலாம்.

மேலே சொன்ன போர்வையையே எடுப்போம். நூலோட்டத்துக்கு 17 மணித்தியாலம். துண்டுகளை வெட்டிப் பொருத்த 8 மணித்தியாலம் என்று வைத்தால் மொத்தம் 25. ஒரு பேச்சுக்கு, அதை 3,000 ரூபாவுக்கு விற்றுத் துணிக்கும் நூலுக்கும் 500 ரூபா சென்றது என்றால், மிஞ்சுவது 2,500 ரூபா. மணித்தியாலத்துக்கு 100 ரூபா. இந்தக் கணக்கைப் போடாதவள் 2,500 ரூபா இலாபம் என்று மகிழ்வாள். போட்டவள், இந்த விலைக்கு விற்கலாமா என்று யோசிப்பாள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கிழித்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966இல் அப்பகுதிப் பெண்கள் தையல் கூட்டுறவு ஒன்றை அமைத்தார்கள். 2002இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன், நியூயோர்க் நகர்களின் கலைக்கூடச் சுவர்களில் தொங்கின. 2006இல் அமெரிக்கத் தபால்முத்திரைகளிலும் இடம்பெற்றன. போர்வைகள் மாறவில்லை. பார்த்தவர்களின் கண் மாறியது. எங்கள் வீட்டுப் பெட்டிகளில் மடித்துக் கிடப்பவற்றையும் அந்தக் கண்ணோடு பார்க்க நாம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தையலின் சிறப்பைச் சொல்லும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பெருங்குடும்பத்தில் இந்த வேலை பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. தம்பிமாரின் தெறி, தங்கச்சிமாரின் மடிப்பு, தலையணை உறை, பெருநாள் உடுப்பு என்று எல்லாம் ராத்தாவைத் தேடி வரும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாதங்களிலும் அவள் மற்றவர்களுக்காக ஊசி கோத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பெறுபேறு குறைந்தால், படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிடுவோம். துணியைப் பங்கிடுவதில் நீதி வேண்டும் என்றால், வேலையைப் பங்கிடுவதிலும் நீதி வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் உடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைச் செப்பனிடுவார்கள், வீட்டு வேலையைச் செய்வார்கள் என்ற கருத்தில் பதில் கூறினார்கள். இத்ரீஸ் (அலை) அவர்கள் தையற்காரராக இருந்தார்கள் என்று தப்ஸீர் நூல்களில் காணப்படுகிறது. சோனகதெருவின் தையற்கடைகளில் இருந்து உழைத்தவர்களும் ஆண்களே. ஆகவே தன்னுடைய தெறியைத் தானே தைக்கும்படி மகனுக்குச் சொல்வதால் எந்த மரியாதையும் குறைந்துவிடாது. பத்து வயதுப் பையனுக்கு அரை மணித்தியாலத்தில் தெறி பிடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். அந்த அரை மணித்தியாலம் ராத்தாவுக்குப் பல ஆண்டுகள் பயன்தரும்.

மாணவியருக்குச் சில பயிற்சிகள்

மனைப்பொருளியல் பாடத்தில் தையலைக் கற்கிறீர்கள். அதை வீட்டோடு சேர்த்துக் கற்க மூன்று வேலைகளைச் செய்யலாம்.

ஒன்று, உங்கள் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய தோள், மார்பு, கை, நீளம் ஆகிய அளவுகளையும் ஒரு கொப்பியில் அட்டவணையாக எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்து எழுதுங்கள். தம்பி தங்கச்சிமாரின் வளர்ச்சி எண்ணிக்கையாகத் தெரியும். எந்த உடுப்பு எப்போது யாருக்குப் போகும் என்பதும் தெரியும்.

இரண்டு, மூத்தம்மாவிடமோ மாமியிடமோ கேட்டு, தையலோடு தொடர்புடைய பழைய சொற்களை எழுதுங்கள். தையல்களின் பெயர், துணிகளின் பெயர், அளவுகளின் பெயர், கடைக்காரர் பேசிய பேச்சு எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் புத்தளத்தில் இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். எந்த வீட்டில், எந்த மெசினில், யாரிடம் பழகினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகராதிகளில் இல்லாத சில சொற்கள் உங்களுக்குக் கிடைக்கலாம்.

மூன்று, ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் யார் எத்தனை நேரம் தைத்தார் என்று குறித்து, வார முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளை உம்மா, வாப்பா, நானா எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆவது வசனம், உறுதியாக நூற்ற நூலைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துவிடும் பெண்ணைப்போல ஆகிவிட வேண்டாம் என்று விசுவாசிகளை எச்சரிக்கிறது. வாக்குறுதியைக் காப்பதற்காகச் சொல்லப்பட்ட உவமை அது. நூல் நூற்பதன் அருமையை அறிந்தவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும். பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேரும் இக்காலத்தில், எங்கள் மூத்தம்மாமார் நூற்று வைத்ததை நாம் பிரித்துவிடாமல் இருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்குப் புத்தளம் போகும்போது ஓர் ஊசியும் ஒரு நூற்கட்டையும் கொஞ்சம் பழந்துணியும் எடுத்துச் செல்லுங்கள். மூத்தம்மாவின் பக்கத்தில் இருந்து முதல் வரியைத் தொடங்குங்கள். தம்பியையும் கூப்பிட்டு மறுபக்கத்தில் இருத்துங்கள்.